கண்ணாடி மூடிய கிணறு

நீங்களும் பேரம் பேசிப் புடவை வாங்கியிருப்பீர்கள், மேடம். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை. விலை படியாவிட்டால் நடையைக் கட்டுகிற ஆள்தான் ஜெயிப்பான் என்பதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டேன். முதுகைக் காட்டினால் கடைக்காரன் கூப்பிடுவான்.

சாந்தோமில் எங்கள் அடுக்ககத்தின் பெயர் 'போர்ச்சுகீஸ் கோர்ட்'. நான் சங்கச் செயலாளர். வரவேற்பறையில் ஃபைபரில் செய்த பீரங்கி இருக்கிறது. சரித்திரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர்.

ஹென்றி சாரின் பங்களாவை இடித்துத்தான் கட்டினார்கள். ஈடாக அவருக்குத் தரைத்தள வீடு. கூடவே ஒரு நிபந்தனை: அவர் உயிரோடு இருக்கும்வரை பின்புறக் கிணறு ஆற்றோரக் குடியிருப்புப் பெண்களுக்குத் திறந்திருக்க வேண்டும். குடமும் கையுமாக அவர்கள் வருவது எங்கள் ஆட்களுக்கு உறுத்தியது. கண்ணாடி போட்டு மூடி உள்ளே நீல விளக்கு வைத்தால் அது சரித்திரம். தண்ணீர் மொண்டால் வெறும் கிணறு.

அந்த ஞாயிறு எல்லாரும் ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு மயிலாப்பூரின் பழமையைப் பார்க்க நடைப்பயணம் போயிருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி. பின்பக்கம் குரல் கேட்டுப் போனேன். கப்பியில் சிக்கிய கயிற்றை எடுக்கக் குனிந்த ஹென்றி சார் கிணற்றுக்குள் விழுந்திருந்தார். மார்பளவு தண்ணீர். கால் முறிந்திருந்தது.

"தம்பி, கயித்தப் போடுப்பா."

"போடறேன் சார். கிணத்த மூடிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சிரித்தார், மேடம். "அடப்பாவி, இங்கயுமா பேரம்? அந்தப் பொண்ணுங்க தண்ணிக்கு எங்கப்பா போவாங்க? மாட்டேன். நீ போறதுன்னா போ."

போனேன். மெதுவாகத்தான் நடந்தேன். கேட்டருகே தேவானை குடத்தோடு நின்றாள்.

"இன்னிக்குத் தண்ணி இல்லம்மா."

"இன்னா சார், தாத்தா கூப்புடற மாரி கீதே?"

"டி.வி. ஓடுது" என்று சொல்லி கேட்டைப் பூட்டினேன்.

நடைப்பயணம் போனவர்கள் திரும்பி வந்துதான் அவரைப் பிணமாகப் பார்த்தார்கள். கால் தவறிவிட்டது என்று எல்லாருமே நம்பினார்கள். தேவானை ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவள் காதில் விழுந்ததைச் சொன்னாள். கண்ணாடி மூடி வந்ததும் அவர் பெயரைத்தான் பொறித்தோம். செலவு என்னுடையது.

அவர் கூப்பிட்டது எனக்கும் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. முதல் குரலுக்கே திரும்புகிறவனை யார் மதிப்பார்கள், மேடம்? இரண்டாவது குரலுக்காகக் காப்பிகூடக் குடிக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கடைசிவரை கௌரவம் பார்த்துவிட்டார்.