வைரஸ் இருந்தால் நல்லது

நாலாம் வகுப்போடு நின்று, மூன்று லாரிக்கு முதலாளியானவன் நான். ஊர் உலகம் பார்த்த எனக்கே புதிதாக இருந்தது, பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் கணவரிடம் சொன்னது.

"உங்க தொண்டைப் புத்துநோய்க்கு வைரஸ் காரணமா இருந்தா நல்லதாம். மருந்து நல்லா கேக்குமாம், பொழைக்க வாய்ப்பு அதிகமாம். அந்த டெஸ்ட்டைப் போயி வேணாம்னுட்டு வர்றீங்களே?"

"சிகரெட்டுன்னே இருக்கட்டும்லா. அது பொம்பள சகவாசத்துல வர்ற வைரஸாம். உன் தம்பி என்ன நினைப்பான்?"

"சிகரெட்டா? ஊதுபத்திப் புகைக்கே இருமுற ஆளு நீங்க."

மனிதர் இருமினார்.

"நாளைக்கே போயி டெஸ்ட் எடுக்கிறோம். வைரஸா இருக்கணும்னு நானே வேண்டிக்கிறேன். முதல்ல பொழைச்சு வீட்டுக்கு வாங்க. எங்க வாங்கினீங்கன்னு தம்பி கேக்க வேணாம், நான் கேக்குறேன்."