பூட்டில் பழுதில்லை

என் மச்சானின் கையில் சாவி திரும்பவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்த வணிகப் பெருமக்களே, கடையையும் கைக்குழந்தையையும் சேர்த்தே காக்கும் தாய்மார்களே, இடமின்றி வாசலில் நிற்கும் தம்பிமார்களே, வணக்கம்.

பூட்டு விற்றுப் பிழைப்பவன் நான். என் மனைவியின் தம்பிதான் காலையில் கடை திறப்பான், மாலையில் அடைப்பான். ஒருநாள், "மாமா, பூட்டு இறுகுது" என்றான். எண்ணெய் விட்டேன். "இன்னும் இறுகுது மாமா." பூட்டை மாற்றினேன். மறுமாதம் மறுபூட்டு. மூன்றாவதையும் மாற்றிவிட்டு, "சோம்பேறிக்கு எந்தப் பூட்டும் இறுகும்டா மாப்ளே" என்றேன்.

முன்வரிசையில் ஓர் அண்ணன், எந்தக் கம்பெனிப் பூட்டு என்கிறார். சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். அவன் தோள்சதை தானாகத் துடித்தபோது, "உள்ள போன் அடிக்குது, எடுடா" என்று சிரித்தோம்.

தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் சாகும் நோய் என்று நரம்பு மருத்துவர் சொன்னபோது சிரிப்பு நின்றது. முதுகுத்தண்டிலிருந்து விரல்வரை இழை நீட்டித் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுவுக்குள், புரதம் மடங்க வேண்டியபடி மடங்காமல் கட்டியாய்த் தேங்குகிறது. இழைவழியே சரக்குப் போக்குவரத்து தடைப்படுகிறது. தசையைப் பிடித்த நுனி விடுபடுகிறது. அணு சாகிறது. ஏன்? பெரும்பாலோர் விஷயத்தில் இன்றுவரை விடையில்லை.

ஆனால் அவையோரே, என்னை அறுத்த செய்தி வேறு. செத்த நரம்பின் தசையை அநாதையாய் விடாமல், பக்கத்து நரம்பு புதுக்கிளை விட்டுப் பற்றிக்கொள்கிறதாம். தன் சுமை சுமந்து, செத்ததன் சுமையும் சுமந்து, சத்தமின்றிச் சமாளித்துச் சாகிறதாம். ஆள் குறைந்தும் உடம்பு என்ற கடை திறந்தே இருந்தது. அதனால் எனக்கு இழப்பு தெரியவில்லை. சாவி திரும்ப மறுத்த நாளில் உள்ளே பாதிப்பேர் போயிருந்தார்கள்!

பூட்டைப் பார்த்தேன், சாவியைப் பார்த்தேன், எண்ணெய்க் குப்பியைப் பார்த்தேன். கையைப் பார்த்தேனா?

முன்பே பார்த்திருந்தால் குணமாகியிருக்குமா என்று ஓர் அம்மா கேட்கிறார். இல்லை தாயே, பொய்ச்சரக்கு நான் விற்பதில்லை. குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் சோம்பேறி என்ற சொல்லை அவன் கேட்டிருக்க மாட்டான். உங்கள் கடையில் ஒருவன் கையிலிருந்து பொருள் நழுவினால், பொருளைப் பார்க்காதீர்கள். கையைப் பாருங்கள்!

இன்று அவனுக்குக் கண்ணும் உதட்டோரமும்தான் அசைகின்றன. பேச்சுப் போகுமுன் ஒரே நிபந்தனை வைத்தான்: "கடையை நான்தான் பூட்டணும், மாமா."

ஒப்புக்கொண்டேன். கடை அடைக்கும் நேரமாகிறது, சக்கர நாற்காலியில் காத்திருப்பான். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். தினமும் சாவி அவன் உள்ளங்கையில். மேலே என் கை. திருப்புவது நான், பூட்டுவது அவன். எங்களுக்குள் பேசி முடித்தது அதுதான்.