காலைப் படகு, சாயங்காலப் படகு

இல்லம்மா, அந்தப் படத்தை மூடிடுங்க. கடல் நீலமா இருக்கு, மணல் வெள்ளையா இருக்கு, பார்த்துட்டேன். எல்லாப் படத்துலயும் ஒரு பொண்ணு தொப்பியை மூஞ்சில கவுத்துப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கா. அவகூட யார் யார் வந்திருக்காங்கன்னு மட்டும் ஒரு படத்துலயும் காட்ட மாட்டேங்கறாங்க. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அந்தத் தீவுக்குப் படகு எப்பெப்போ போகுது?

சனிக்கிழமை மட்டும்தானா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதோட அடுத்த சனிக்கிழமை. சரி. அதை அப்படியே வெச்சுக்குங்க, அப்புறம் அதுக்கு வர்றேன்.

தண்ணியா, குடுங்க. புண்ணியமாப் போகும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் ஓடி வந்திருக்கேன். இதே வரிசையில பல் ஆஸ்பத்திரி இருக்கே, அங்க முன்னாடி மேஜையில உக்கார்றவ நான்தான். நீங்க வந்திருக்கீங்களே, கடைவாய்ப் பல்லுக்கு. ஞாபகம் இருக்கு. நானும் உங்களை மாதிரிதாம்மா, மேஜைக்கு அந்தப் பக்கம் உக்கார்ந்து மத்தவங்களுக்கு நேரம் ஒதுக்கிக் குடுக்குறவ. பல் வலியோட வர்றவங்க எல்லாரும், அந்த வலியே நான் குடுத்ததுங்கற மாதிரிதான் பேசுவாங்க. சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லணும். தலைக்கு மேல சுவத்துல சிரிக்கிற வாய் ஒண்ணைப் பெருசா மாட்டி வெச்சிருக்காங்க, நான் சிரிக்காம இருந்தா நல்லாவா இருக்கும்.

ஆளுங்களைச் சொல்றேன். எங்க வீட்டுக்காரர், மாமனார், என் பொண்ணு, என் பையன். அப்புறம் வீட்டுக்காரரோட அண்ணன், பெரியவர்னுதான் நாங்க சொல்றது. அவர் சம்சாரம், என் ஓரகத்தி. ஒரே வீடுதான். அவங்க மாடியில, நாங்க கீழ. சமையலும் கீழ.

ஆளாளுக்கு ஒண்ணு கேட்டிருக்காங்க. மாமனாருக்குக் கட்டில் உயரமா இருக்கக் கூடாது, பாத்ரூம் பக்கத்துலயே இருக்கணும், ஆனா பாத்ரூம் சத்தம் காதுல விழக் கூடாது. பெரியவருக்குக் கடலைப் பார்த்த ரூம் வேணும். ஓரகத்திக்குக் கடல் காத்து ஆகாது, முடி பிசுபிசுன்னு ஆயிடுமாம். ரெண்டு பேருக்கும் ஒரே ரூம், நீங்களே பார்த்து ஒரு வழி பண்ணுங்க. பொண்ணுக்குத் தனி ரூம். பையன் எங்க வேணா படுத்துக்குவான், தலைமாட்டுல சார்ஜ் போட வசதி இருந்தாப் போதும். எங்க வீட்டுக்காரர் எனக்கு ஒண்ணும் வேண்டாம், உன் இஷ்டம்னுட்டார். அப்படிச் சொல்றவங்ககிட்டதாம்மா ஜாக்கிரதையா இருக்கணும். அங்க போய் ஒவ்வொண்ணா ஆரம்பிப்பார்.

எனக்கு என்ன வேணும்னா கேக்குறீங்க. பாருங்க, இதைக் கேக்க வெளியாள் வேண்டியிருக்கு. இருங்க, சொல்றேன்.

இந்தப் பயணமே எனக்காகத்தான். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். போன மாசம் ஆஸ்பத்திரி மேஜையிலேயே தூங்கிட்டேன், போனைக் காதுல வெச்சபடி. அந்தப் பக்கம் ஒருத்தர் ஈறு வீங்கியிருக்குன்னு சொல்லிட்டே இருக்கார், இந்தப் பக்கம் நான் குறட்டை விடுறேன். மனுஷன் வீங்கின வாயோட நேராவே வந்துட்டார், அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்க. டாக்டர் பயந்துபோய் எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிட்டார். உடம்புல ஒண்ணும் இல்ல, ஓய்வுதான் இல்ல, ஒரு வாரமாவது இவங்களைச் சும்மா விடுங்கன்னு.

அன்னைக்குச் சாயங்காலமே எல்லாரும் கூடத்துல கூடிட்டாங்க. நான் உள்ள டீ போட்டுக்கிட்டே கேட்டுட்டிருக்கேன். பாவம், அவளுக்கு ஓய்வு வேணும்னு மாமனார். எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு பெரியவர். தீவுக்குப் போலாம்னு பொண்ணு. எல்லாருமாப் போனாத்தான் அவளுக்கும் சந்தோஷம்னு ஓரகத்தி. டீயைக் கொண்டுபோய் வெச்சேன். உனக்கு ஓய்வு குடுக்கப் போறோம்னாங்க. சர்க்கரை கொஞ்சம் கம்மின்னாங்க. மறுநாள் எங்க வீட்டுக்காரர், நீதான் இதெல்லாம் கச்சிதமாப் பண்ணுவே, டிக்கெட், ரூம் எல்லாம் நீயே பார்த்துக்கோன்னுட்டார்.

இதுக்குன்னு செல்லுல ஒரு குரூப் வேற. எந்தத் தேதியில போலாம்னு அதுல கேட்டேன். மாமனார் ஒரு ரோஜாப்பூ படம் அனுப்பி, இந்த நாள் இனிய நாள்னார். பெரியவர் கும்பிடு போட்டார். பொண்ணு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா. தேதியை மட்டும் யாரும் சொல்லல. அப்புறம் ஒவ்வொருத்தர் ரூமா ஏறி இறங்கி நானே கேட்டு வந்தேன்.

வரலைன்னு சொல்லிப் பார்க்கலையாங்கறீங்க. சொன்னேனே. நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுலயே படுத்துக்கறேன்னேன். எங்க வீட்டுக்காரர் முகம் வாடிப்போச்சு. நீ இல்லாம நாங்க மட்டும் எப்படிப் போறதுன்னு கேட்டார். நடிப்பில்லம்மா, நிஜமாவே கலங்கிட்டார். லீவு கிடைக்காதுன்னு பார்த்தேன். அவரே டாக்டர்கிட்டப் பேசி லீவு வாங்கிட்டார். கெட்டவங்களா இருந்தா ஒரு சண்டை போட்டு முடிச்சுடலாம். இவங்க பாசமா வந்து தலையில உக்கார்றவங்க. இவங்களை என்னத்தைப் பண்றது.

கிச்சன் வெச்ச வீடா? வேண்டவே வேண்டாம். போன தடவை மலைக்குப் போனப்போ அப்படித்தான் ஒரு வீடு எடுத்தோம். அவங்க எல்லாம் ஜன்னல் வழியா மலையைப் பார்த்தாங்க, நான் ஜன்னல் வழியா அடுத்த வீட்டுச் சமையல் ரூமைப் பார்த்தேன். அங்கயும் ஒருத்தி நின்னுட்டிருந்தா. ரெண்டு பேரும் கரண்டியைத் தூக்கிக் காட்டிக்கிட்டோம். நான் மலை பார்த்த லட்சணம் அதான்.

மூணு வேளையும் அவங்களே போட்டுடுவாங்களா. மாமனாருக்கு உப்பு கம்மியா வேணும். அங்க உங்க ஆள் இருக்காரா, அவர்கிட்டச் சொல்லிடுவீங்களா? நல்லது. மாத்திரையை ஓரகத்தி எடுத்துக் குடுப்பா. அவளுக்கு எல்லாம் தெரியும்மா. தெரியாத மாதிரி இருக்கறது வசதின்னு இருக்கா, அவ்வளவுதான்.

அந்த மலையிலேருந்து திரும்பி வர்றப்போ ஒண்ணு நடந்துச்சு. ரெண்டு வண்டி. ஒண்ணைப் பெரியவர் ஓட்டுறார், இன்னொண்ணை எங்க வீட்டுக்காரர். வழியில பெட்ரோல் பங்கு ஓரமா ஒரு டீக்கடை, எல்லாரும் இறங்கினோம். எல்லாருக்கும் வாங்கிக் குடுத்து, கிளாஸை எல்லாம் திருப்பிக் குடுத்து, கடைசியா எனக்குன்னு ஒரு டீ வாங்கிக்கிட்டுப் பெஞ்சுல உக்கார்ந்தேன். வண்டி ரெண்டும் கிளம்பிடுச்சு. அவ அந்த வண்டியில இருக்கான்னு இவங்க, இந்த வண்டியில இருக்கான்னு அவங்க.

கூப்பிட்டிருக்கலாமேன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. டீ சூடா இருந்துச்சும்மா.

செல்லு கைப்பையில, கைப்பை வண்டியில. கையில டீ கிளாஸ் மட்டும்தான். நிதானமாக் குடிச்சேன். கடைக்காரர் என்ன நினைச்சாரோ, இன்னொண்ணு கொண்டாந்து குடுத்துட்டுக் காசு வேண்டாம்னுட்டார். வெயில் கால்ல மட்டும் விழுந்துச்சு. ஒரு நாய் வந்து மோந்து பார்த்துட்டு, என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னதும் பக்கத்துலயே படுத்துக்குச்சு. அது எங்க, இது எங்கன்னு யாரும் கேக்கல. கொஞ்ச நேரத்துல எனக்கு அழுகை வந்துடுச்சு. விட்டுட்டுப் போயிட்டாங்களேன்னு இல்லம்மா. திரும்பி வந்துடுவாங்களேன்னு.

வந்துட்டாங்க. ரொம்ப தூரம் போனப்புறம் மாமனார் மாத்திரைக்குத் தண்ணி கேட்டிருக்கார். பாட்டிலை அந்த வண்டியில காணோம். இந்த வண்டிக்குப் போன் போட்டிருக்காங்க, இங்கயும் காணோம். அவகிட்டக் கேளுங்கன்னு ரெண்டு பக்கமும் சொன்னப்போதான், அவளையே காணோம்னு தெரிஞ்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் திட்டினார். இப்போ வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. நானும் சிரிக்கிறேன், வந்தவங்களுக்கு டீயை வெச்சுட்டு.

சரி, நேரமாச்சு, பதிவு பண்ணிக்குங்க. காலைப் படகுல மாமனார், பெரியவர், ஓரகத்தி. வெயில் ஏறுறதுக்குள்ள மாமனார் போய்ச் சேர்ந்துடணும். சாயங்காலப் படகுல எங்க வீட்டுக்காரர், பொண்ணு, பையன். பையனுக்கு அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பரீட்சை இருக்கு. பரீட்சைன்னு தெரிஞ்சுதான் அந்தச் சனிக்கிழமையைப் பார்த்து வெச்சேன்.

சாயங்காலப் படகு அங்க நிக்குமா? இறக்கிவிட்டதும் திரும்பிடுமா. நல்லதாப் போச்சு.

ஏழாவது டிக்கெட்டா? ஆமா, எனக்குத்தான் பாக்கி. எந்தப் படகுலன்னு கேக்குறீங்க.

ரெண்டுலயும் வேண்டாம்மா.

அப்படிப் பார்க்காதீங்க. காலையில நானே துறைக்கு வந்து அவங்களைப் படகுல ஏத்திவிடுவேன். அவ புருஷன் பிள்ளைங்களோட சாயங்காலம் வருவான்னு அவங்க நினைச்சுக்குவாங்க. சாயங்காலம் கிளம்புறவங்க, அவ காலையிலேயே மாமனார்கூடப் போயிட்டான்னு நினைச்சுக்குவாங்க. அவங்க வீட்டை விட்டுக் கிளம்புற வரைக்கும் ஆஸ்பத்திரியில பல் பிடுங்குற நாற்காலியில சாஞ்சுக்குவேன், டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். நான் ஒரு பொய்யும் சொல்லப் போறதில்ல. நீ எந்தப் படகுன்னு யாராவது கேட்டாத்தானே.

எனக்கு என்ன வேணும்னு அப்போ கேட்டீங்கல்ல. அந்த வீட்டுல நான் மட்டுமா இருந்ததே இல்லம்மா. கதவைச் சாத்திட்டு நடுக்கூடத்துல ஒரு தலைகாணியைப் போட்டுப் படுக்கணும். யாரும் என்னைத் தாண்டிப் போகக் கூடாது.

அவங்க பயந்துடக் கூடாது, அது ஒண்ணுதான் எனக்கு. அங்க உங்க ஆள் இருக்கார்னீங்களே, அவரை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகல, வீட்டுல தூங்குறாங்கன்னு. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் சொன்னாப் போதும், முன்னாடியே சொன்னா எங்க வீட்டுக்காரர் தட்டை நகர்த்திட்டு எழுந்துடுவார்.

அதுக்குள்ள தேட மாட்டாங்களாங்கறீங்க. மாட்டாங்கம்மா. இந்தத் தடவை ரெண்டு பையிலயும் தண்ணி பாட்டில் வெச்சுடுறேன்.