பிறந்த ஊருக்கு ஆடிய சலேத்து

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்த நிமிஷமே என் மீசை உதிரட்டும். உதிரவில்லை, பார்த்தீர்களா? அப்போ கேளுங்கள்.

ரொம்பக் காலத்துக்கு முன்னே, செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் கருக்குவிளை என்று ஓர் ஊர் இருந்ததாம். பக்கத்திலேயே செம்மணல்விளை. இரண்டுக்கும் ஒரே மாதா கோயில், ஒரே சாமியார். பத்ரீசு சாமியார், அயர்லாந்துக்காரர். தாடி அப்படியொரு சிவப்பாம். அடுப்புப் பற்றவைக்கப் பெண்கள் அதில் ஓலையை நீட்டுவார்களாம்.

அவர்தான் தம் நாட்டு ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஹர்லிங் என்று பேர். பக்கத்துக்குப் பதினைந்து பேர், ஆளுக்கொரு மட்டை. அங்கே மரத்தில் செதுக்குவார்களாம். இங்கே பனைமட்டையில் ரம்பப் பல் மாதிரி இருக்கும் கருக்கைச் சீவிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். பந்தைத் தரையிலும் அடிக்கலாம், ஆகாயத்திலும் அடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்திக்கொண்டே ஓடவும் செய்யலாம். ரெண்டு கம்பம், குறுக்கே ஒரு கழி. பந்து கழிக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே போனால் மூணு. அவர் நாட்டில் பெண்களுக்கு இதையே கமோகி என்று தனியாக வைத்திருக்கிறார்களாம். இங்கே ஆள் பத்தாமல் எல்லோரும் ஒன்றாய் இறங்கிவிட்டார்கள்.

அடி என்றால் என்ன அடி! மேலே போன பந்து ஒன்று பருந்துக் கூட்டையும் தூக்கிக்கொண்டு போனதாம். திரும்பி இறங்குவதற்குள் முட்டையெல்லாம் குஞ்சாகிவிட்டதாம்!

சாமியார் ஒரே ஒரு சட்டம் வைத்தார். "அவங்கவங்க பிறந்த ஊருக்குத்தான் ஆடணும். எங்க பக்கம் அப்படித்தான்."

அங்கேதான் வந்தது வினை. கருக்குவிளைக்குக் கம்பம் காத்தவள் சலேத்து. அவளைத் தாண்டிக் கொசு போகாது. அந்தத் தையில்தான் அவளைச் செம்மணல்விளை இன்னாசிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

ஆட்டத்தன்று மாமியார் வியாகுலம்மாள் வாசலை மறித்தாள்.

"ஏட்டி, சோறு திங்கிறது எந்த ஊர்ல?"

"இந்த ஊர்லதான், மாமி."

"ஆடுறது எந்த ஊருக்கு?"

"பிறந்த ஊருக்கு. சாமியார் சட்டம்லா."

"அப்போ ஜெயிச்சா அங்கனயே இருந்துக்கோ. மாதா மேல ஆணை, இந்த வாசல் நடையை நீ மிதிக்கப்படாது!"

இன்னாசி பாவம். வழியில் மெல்லக் கேட்டான். "சலேத்து, ஒரே ஒரு பந்தை மட்டும் விட்டிரேன்."

"நீரு அடியும், பாப்போம்."

அடித்தார்கள், பிடித்தார்கள், புழுதியில் சூரியனே தும்மியதாம். பொழுது சாய்கையில் கருக்குவிளை ரெண்டு புள்ளி முன்னே. கடைசியாய் இன்னாசி பந்தை மட்டையில் ஏந்திக்கொண்டு வந்தான். கழிக்குக் கீழே போனால் செம்மணல்விளை ஜெயித்தது.

கம்பத்துக்கு முன்னே சலேத்து. விட்டால் வீடு உண்டு, இந்த மனுசன் உண்டு. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். அப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழு மூச்சாய் வந்துகொண்டிருந்தான். இப்படி வருகிறவனை ஏமாற்றுவதா?

மட்டையை வீசினாள். பந்து பனைகளுக்கு மேலே பறந்தது.

கருக்குவிளைக்காரர்கள் அவளைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "எங்க பொண்ணு! எங்க பொண்ணு!" அவள் கண்ணோ செம்மணல்விளைப் பாதையில் கிடந்தது. இனி எங்கே போவாள்?

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் வியாகுலம்மாள்.

"யாருலே உங்க பொண்ணு? தையிலயே தாலி கட்டிக் கூட்டிட்டுப் போயாச்சு! என் மவன் அடிச்ச அடியை இந்தத் தேரியில எவன் தடுப்பான்? என் மருமவதான் தடுப்பா! இறக்குங்கலே!"

சலேத்து தரையில் நின்று திருதிருவென்று விழித்தாள்.

"என்னட்டி முழிக்கே? நட. கருவாட்டுக் குழம்பு ஆறுது."

வீட்டு வாசலுக்கு வந்ததும் கிழவி நின்றாள். மாதா மேல் இட்ட ஆணையாயிற்றே! ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏலே இன்னாசி, என்ன பாத்துட்டு நிக்கே? தூக்குலே அவளை!"

அன்றிலிருந்து இன்றுவரை, ஜெயித்து வரும் மருமகளைச் செம்மணல்விளையில் புருசன் தூக்கித்தான் நடை தாண்டுவான். மாமியார் குழம்புச் சட்டியோடு உள்ளே நிற்பாள். சில மாமியார்கள் மகனுக்கு முதுகுவலி என்று தாங்களே தூக்குவதும் உண்டாம்.

வியாகுலம்மாளின் பேத்தி ஒருத்தி அங்கேதான் இருக்கிறாள், கிழவியின் நாக்கு அப்படியே அவளுக்கு. யார் சொன்னது என்று அவள் கேட்டால் காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பேரைப் பற்றி மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.