தக்காளிக்கு வராத வைரஸ்

மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் தக்காளி நாற்றுப் பண்ணை நடத்துபவர். பேச்சில் அடிபட்ட அவர் வீட்டுக்காரர் அங்கே இல்லை.

“புடுங்கிப் போட்டதாலதான் கம்ப்யூட்டர் பொழைச்சுது,” என்றார் பண்ணைக்காரம்மா.

“என்னக்கா சொல்றீங்க?”

“விதை பில்லுன்னு ஒரு மெயிலு. அந்தக் கம்பெனியில நாங்க விதை வாங்குனதே இல்ல. இருந்தும் தொறந்துட்டேன். ஃபைலெல்லாம் ஒன்னொன்னா பூட்டிக்குது. ஆர்டர் மொத்தமும் அதுலதான். அவருக்குப் போன் போட்டு, ‘வைரஸ் வந்துடுச்சுங்க’ன்னேன்.”

“அண்ணன் என்ன சொன்னாரு?”

“‘ஒடனே புடுங்கிப் போடு, பக்கத்துலயும் பரவும்’னாரு. நெட்டு வயரு, கரண்டு வயரு ரெண்டையும் புடுங்கிட்டேன். ஆர்டர் தப்பிச்சுது.”

“அண்ணனுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியுதே!”

“எங்க தெரியுது? நாத்துக்கு வந்த வைரஸுன்னு நெனச்சுட்டாரு. வேலையாளுங்களுக்கும் போன் போட்டிருக்காரு. எல சுருண்ட மாதிரி தெரிஞ்ச நல்ல நாத்த, இருவது தட்டு புடுங்கிட்டாங்க.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“மொத்தம் எவ்ளோக்கா ஆச்சு?”

“கம்ப்யூட்டருக்கு ஐநூறு. தக்காளிக்கு ரெண்டாயிரம்.”