உசிரோட நிக்கவளுக்கு அழாத வெள்ளத்தாயி

ஏலே, உக்காருங்கலே! உதவித்தொகை ஃபாரத்தக் குடுக்க சன்னல் தெறக்க இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு, அதுக்குள்ள என்ன தள்ளு தள்ளுதிய! ஏட்டி ரெட்டச்சடை, பேச்சை நிப்பாட்டு. என் கேன்டீன்ல கதைக்குக் காசு கெடையாது. டீக்கு உண்டு.

ரொம்ப வருசத்துக்கு முந்தி, இந்தக் கல்லூரி ஒத்தை ஓட்டுக் கட்டடமா நின்ன காலத்துல, உப்போடைப்பட்டியில வெள்ளத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்கம்மாவுக்குப் பெரியம்மா. எழவு வீட்டுல ஒப்பாரி வைக்கதுதான் தொழிலு. அவ குரலெடுத்தா, செத்தவன் மேல கேசு போட்டவனும் தேம்பித் தேம்பி அழுவானாம்.

அவ மக சண்முகக்கனி. படிப்புல கெட்டிக்காரி. இந்தக் கல்லூரியில எடம் கெடச்சுட்டு. ஆனா உதவித்தொகை வந்தாத்தான் படிப்பு. வரலன்னா மறுநாளே தீப்பெட்டி ஆபீஸுல குச்சி அடுக்கப் போணும்.

உதவித்தொகை ஏது? பருத்தி வியாபாரி சோலையப்பரு சாகுமுன்ன அதுக்குன்னு நெலத்தை எழுதி வச்சுட்டு, கல்லூரி வாசல்ல ஒரு கல்லையும் நட்டுட்டுப் போனாராம். கல்லுல ரெண்டே வரி. மார்க்கு நல்லா இருக்கணும். வீட்டு வருமானம் கம்மியா இருக்கணும். அம்புட்டுத்தான்.

அவரு போனப்புறம் தொகையப் பிரிச்சுக் குடுக்க வந்த கமிட்டி விடுமா? புள்ளையும் தாயும் முன்னால வந்து நின்னு வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழணும்னு வச்சுட்டாக. நல்லா அழுதா முழுத்தொகை. சுமாரா அழுதாப் பாதி. அழலையா, போயிட்டு வா தாயி!

ஊருல ஒரே பேச்சாம். "வெள்ளத்தாயிக்கு என்ன கவலை? அவ அழுதா கமிட்டிக்காரன் நாக்காலியே மெதக்குமே!"

மெதக்கும்தான். ஆனா கூட நடந்து வந்த மக, "யம்மா, அழுதாத்தான் குடுப்பாகளா?"ன்னு கேட்டதும், அவ மகளைத் திரும்பிப் பாத்தாளாம். முப்பது வருசமாப் பொணத்துக்கு அழுத வாயி. பெத்த மவளப் பக்கத்துல நிக்க வச்சு எப்படி அழ?

வாசல்ல நின்னுட்டாளாம். "ஏட்டி, அந்தக் கல்லுல என்ன எழுதிருக்கு? வாசி."

வாசிச்சாளாம்.

"இன்னொருக்க."

வாசிச்சாளாம்.

"இன்னொருக்க. அழணும்னு எங்கயாவது இருக்கா, பாரு."

"இல்லம்மா."

உள்ள கமிட்டித் தலைவரு வயிரவநாதன். மூக்கால பேசுவாராம். "ம்ம்ம்... நீதானா அது? ம்ம்ம்... ஆரம்பி."

"என்னத்த ஆரம்பிக்க சாமி?"

"ம்ம்ம்... அழு."

"யாரு செத்தா?"

மக தோளைப் புடிச்சு முன்னால நிறுத்துனாளாம்.

"எம் மக இந்தா உசிரோட நிக்கா. உசிரோட நிக்கவளுக்கு நான் அழமாட்டேன் சாமி."

"ம்ம்ம்... அப்பத் தொகை கெடையாது. அடுத்த ஆளு!"

கனிக்கு மொகம் சுண்டிப்போச்சாம். அதைப் பாத்தா வெள்ளத்தாயி. கொண்டைய அவுத்தா. நடுக்கூடத்துல சப்பணம் போட்டு உக்காந்தா. "செத்தவுகளுக்குத்தான அழணும்? அழுதேன், கேட்டுக்கோங்க!" மாருல ஓங்கி ஒரு அடி.

"கல்லு நட்டுப் போன ஐயா, கருத்தா எழுதி வச்ச ஐயா,
ரெண்டு வரி வெட்டினீரே, மூணாம் வரி யாரு வெட்டுனா?
மார்க்குப் போதும்னு சொன்னீரே,
கண்ணீருக்கு எத்தனை மார்க்குன்னு சொல்லாமப் போனீரே!"

சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போச்சாம். கல்லூரியில யாரோ செத்துட்டாகன்னு ஊரே ஓடி வந்துட்டு. சங்கு ஊதுதவன் வந்துட்டான். "எங்க பொணம்?"

"சோலையப்பரு ஐயா சொல்லு செத்துட்டு! இந்தா, சுத்தி உக்காந்து காவக் காக்காக பாருங்க!"

கண்ணு சரியாத் தெரியாத பெரியவரு ஒருத்தரு, நடுவுல இருக்கவருதான் எழவு வீட்டுக்காரருன்னு நெனச்சு, வயிரவநாதன் கையப் புடிச்சுட்டாராம். "மனசத் தேத்திக்கிடுங்க. எத்தனை மணிக்கு எடுக்கிய?"

ம்ம்ம் எல்லாம் பறந்துபோச்சு. "எழுதுங்கடே! மார்க்கையும் வருமானத்தையும் மட்டும் எழுதுங்கடே! ஏ தாயி, நிப்பாட்டு!"

நிப்பாட்டுவாளா? "கல்லு முன்னால நின்னு, இத்தனை சனம் கேக்க, உங்க வாயால வாசிங்க"ன்னுட்டாளாம். வாசிச்சாரு. வேர்த்து வடிய வடிய வாசிச்சாரு. அப்புறந்தான் கொண்டையப் போட்டா. கனி அன்னிக்கே வகுப்புல போயி உக்காந்தா.

அதுல இருந்துதான் இந்தக் கல்லூரியில இந்த வழக்கம். ஃபாரத்த வாங்குமுன்ன கிளார்க்கு வெளிய வந்து கல்லுல உள்ளத எல்லாருக்கும் வாசிக்கணும். அதுக்கு மேக்கொண்டு ஒரு வார்த்தை கேட்டாருன்னா, யாரு வேணாலும் மாருல ஒரு அடி அடிக்கலாம். அடிச்சா அவரு மொதல்ல இருந்து வாசிக்கணும். அந்தக் கல்லுக்கு ஒப்பாரிக் கல்லுன்னே பேரு. இப்ப ஒருத்தரும் உங்கள அழச் சொல்லுததில்ல. அந்த வழக்கத்தக் குழி தோண்டிப் பொதச்சுட்டாள்லா எங்க வெள்ளத்தாயி!

ஏட்டி இசக்கியம்மா, வந்ததுல இருந்து வாயத் தெறக்கல, இப்ப என்ன முணுமுணுக்க? சத்தமாச் சொல்லு.

"இந்த வருச ஃபாரத்துல ஏழாவது கேள்வி அண்ணாச்சி. 'குடும்பத் துயரத்தை உருக்கமாக எழுதவும்'னு போட்டுருக்கு. நீங்க டீயப் போட்டுக்கிட்டு இருங்க. நான் போயி மாருல ஒண்ணு அடிச்சுட்டு வாரேன்."