மூன்றாம் சரிவின் வழுக்கை

மேடையில் வீற்றிருக்கும் சுரங்க மேலாளர் ஐயா அவர்களே, ஆய்வுக்கூடத்துப் பெரியோர்களே, வீடளவு வண்டிகளை விரலால் திருப்பும் ஓட்டுநர் மாமாக்களே, முதல் வரிசையில் 'இது என்ன பேசித் தொலைக்கப் போகுதோ' என்று கைக்குட்டையைப் பிசையும் அப்பா அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் மறைந்த என் அம்மாவை, மண்ணியல் அலுவலர் அம்மையாரை, 'மலைக்கே தாய்' என்றீர்கள். சரிதான். மலைக்குக் கொடுத்தது போக எனக்கு அம்மா எவ்வளவு மிச்சம் இருந்தார் என்று யாராவது கேட்டீர்களா?

மரங்களே ஏற மறுக்கும் உயரம் இது. வருடத்தில் பத்து வாரம்தான் புல் வளரும். தோண்டுவதற்கு முன் வழித்து வைத்த மேல்மண் ஒரு சாண் கனம். அதைக் கழிவுப்பாறை மேல் திரும்பப் பரப்பி, சுண்ணாம்பு கலந்து, மண்ணின் அமிலப் புளிப்பை முறித்து, விதைத்தவர் யார்? அம்மையார்! பரப்பிய மண்ணை மேசைபோல் மட்டம் தட்டுவதே கெட்டிக்காரத்தனம் என்றிருந்த ஓட்டுநர்களிடம், "வழவழன்னு இருந்தா விதையைக் காத்து அள்ளிட்டுப் போயிடும்ங்க. குண்டும் குழியுமா விடுங்க, அதுக்குள்ள ஒண்டிப் பிழைச்சுக்கும்" என்று மன்றாடியவர் யார்? அம்மையார்!

கெட்டிக்காரர்களுக்கு அது வரவில்லை. கை தானாகவே மட்டம் தட்டிவிடும். வந்தது ஒருவருக்குத்தான். வண்டியை நேராக நிறுத்தத் தெரியாதவர் என்று நீங்கள் பெயர் வைத்தீர்களே, அதோ கதவோரம் நிற்கும் கோணல் மாமாவுக்கு!

அன்று முதல் எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு கோணல் மாமாவும் பரிமாறப்பட்டார்.

"இன்னைக்கு அவர் போட்ட குழியைப் பாக்கணுமே! ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல!"

"அம்மா, கணக்குல நூத்துக்கு நூறு."

"ம்ம். தண்ணி எடு. அந்தக் கை இருக்கே..."

என் வயிறு எரிந்த எரிச்சலில் அடுப்பே தேவைப்பட்டிருக்காது!

மூன்று வருடங்களுக்கு முன், விதைப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு பலகையோடு மூன்றாம் சரிவுக்குப் போனேன். மாமா போட்ட குழிகளில் பதினைந்து அடி அகலத்தை மேலிருந்து கீழ்வரை இழுத்து மட்டமாக்கினேன். மறுநாள் விழுந்த பனி எனக்குச் சாதகமாகச் சாட்சியை மூடியது.

கோடையில் பனி உருகியது. வழவழப்பில் நீர் நிற்குமா? வாய்க்கால் வாய்க்காலாகக் கீறிக்கொண்டு ஓடியது. சரிவெங்கும் பச்சை, நடுவில் வழுக்கை! "கோணல் லட்சணம்!" என்று சிரித்தீர்கள். மாமா தலை குனிந்து, "நான்தான் எதையோ தப்பாத் தள்ளிட்டேன் போல, மேடம்" என்றார்.

"இல்லியே, நானே நின்னு பாத்தேனே. குழி இருந்துச்சு" என்றார் அம்மா.

இரண்டு கோடை அந்த வழுக்கையில் குந்தி மண் எடுத்தார். புளிப்புப் பார்த்தார், உப்புப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து பைகளில் எண் எழுதியது நான். என் பேச்சுக்குச் சிரித்தார். என் கையெழுத்தைப் பாராட்டினார். உண்மையைச் சொன்னால் இதெல்லாம் போய்விடுமே! வாயை மூடிக்கொண்டேன். அம்மா கடைசி அறிக்கையில் எழுதினார்: 'காரணம் தெரியவில்லை.'

மேலாளர் ஐயா, சற்றுமுன் என்ன சொன்னீர்கள்? மூன்றாம் சரிவில் குழிகள் கரைந்துபோனதால், மீதிச் சரிவுகளை மட்டம் தட்டியே விதைக்கப்போவதாகச் சொன்னீர்கள். ஐயா, கரைந்தது குழி அல்ல! மட்டம் தட்டினால் என்ன ஆகும் என்று மலையே காட்டிய இடம் அது! தட்டியது நான்! அம்மா தோற்கவில்லை!

அப்பா, எழுந்திருக்காதீங்க, முடிச்சிடறேன்.

அந்த அறிக்கையின் கடைசி வரியை அடித்துவிட்டு, காரணம் இன்னார் என்று என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். அதைப் படித்த பிறகு உத்தரவு போடுங்கள். மீதிச் சரிவுகளை மாமாவிடம் கொடுங்கள். அம்மாவின் வேலை அந்தக் கையில்தான் தொடரும். இதைச் சொல்லும்போதும் எனக்கு எரியத்தான் செய்கிறது.

ஆனால் மாமா, மன்னிச்சிடுங்க, ஒண்ணே ஒண்ணு. அந்தப் பதினைந்து அடிக்கு மட்டும் வண்டியைக் கொண்டு வராதீங்க. அதை நானே கொத்திக்கிறேன். அது நானும் எங்கம்மாவும் உக்காந்த இடம்.